இறங்கத் தடை

அத்தியாயம் 17

நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. பல்ஸ் அறுபத்து நான்கு.

ரௌஷன் கருவியை அணைத்து மறுபடி போட்டாள். பட்டையைச் சற்று மேலே ஏற்றிக் கட்டினாள். திரும்பவும் அதேதான் வந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய மச்சாண்டார் ஒராஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி நின்றார். நிலக்கரி வெட்டும் குழுவுக்குப் பதினெட்டு வருஷமாக மேஸ்திரி. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் இமை ஓரத்துக் கரி போகாத முகம்.

"என்னம்மா, மிஷின் கெட்டுப் போச்சா?"

"இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நானும் நல்லாத்தான் இருக்கேன்" என்று சிரித்தார்.

அவர் சிரித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அக்டோபரில், கீழே கரி வெட்டும் மூன்றாம் முகப்பில் வாயு பற்றிக்கொண்டு நான்கு பேர் போனார்கள். நான்கு பேரும் ஒராஸின் ஆட்கள். அன்றைக்குப் பல்வலி என்று ஒரு மணி நேரம் முன்னதாக மேலே வந்திருந்தார் அவர். வந்தவரே மீட்புப் படையோடு திரும்ப இறங்கினார். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லை. பெல்ட்டில் தொங்கிய எண் வில்லைகளை வைத்துத்தான் ஒவ்வொருவராகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவருடைய ரத்த அழுத்தம் ஒரு நாள்கூட நூற்று அறுபதுக்குக் கீழே வரவில்லை.

இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்கு ரௌஷன் செய்த காரியம் தெரியும். ஷிப்ட் இறங்குமுன் ஒவ்வொரு ஆளின் கையிலும் பட்டை கட்டி, குடித்திருக்கிறானா என்று ஊதச் சொல்லி, பதிவேட்டில் எழுதி, சீட்டில் முத்திரை குத்துவது அவள் வேலை. நூற்று எழுபது என்று கருவி காட்டும். நூற்று முப்பது என்று அவள் கை எழுதும். அவளுடைய கணவன் ஸபித் கேட்டுக்கொண்டது அது. "அண்ணன் பேரு பட்டியல்ல ஏறிடக் கூடாது ரௌஷன். ஏறினா அதோட சரி. இறங்க விட மாட்டாங்க, வண்டி ஓட்ட விட மாட்டாங்க. நாளைக்கு அவர் பொண்ணைக் கேட்டு ஒருத்தனும் வர மாட்டான்."

பட்டியல் என்றால் மனநல மருத்துவமனையின் பட்டியல். எங்கள் ஊரில் அந்த ஆஸ்பத்திரியை மஞ்சள் வீடு என்பார்கள். மஞ்சள் சுவருக்கு வெள்ளையடித்து இருபது வருஷம் ஆகிறது. பேர் மட்டும் மாறவில்லை.

நிர்வாகம் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. விபத்து நடந்த மாதமே நகரத்திலிருந்து ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்தார்கள். சின்னப் பெண். ஆளுக்கொரு தாள் கொடுத்தாள், நாற்பது கேள்வி. ஒராஸ் குழுவில் மிச்சமிருந்த எட்டுப் பேரும் தங்களில் ஒருவனான ஃபெத்யாவின் தாளைப் பார்த்து எழுதினார்கள். ஃபெத்யா எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டிருந்தான். 'சாப்பாடு ருசிக்கிறதா?' என்பதற்கும் சேர்த்து. எட்டுப் பேருக்கும் சாப்பாடு மட்டும் ருசிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு அந்தப் பெண் மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

இன்றைக்குப் பொய் எழுதத் தேவையில்லை. கருவி சொன்னதை அப்படியே எழுதலாம். ஆனாலும் ரௌஷனுக்குப் பேனா ஓடவில்லை.

"ராத்திரி தூங்கினீங்களா மாமா?"

"நல்லாத் தூங்கினேன்."

"உடம்புல ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா. குத்து, ஆளுங்க நிக்கறாங்க."

குத்தினாள். ஒராஸ் சீட்டை எடுத்துக்கொண்டு ஓரடி நகர்ந்தவர், திரும்பி ஜன்னலில் குனிந்தார்.

"ஸபித்தை ரொம்பத் திட்டாதே. அவன் நல்லவன். பயந்த சுபாவம், அவ்வளவுதான்."

"நான் எதுக்கு அவரைத் திட்டறேன்?"

அவர் விளக்கறைப் பக்கம் நடந்தார். மணி பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டு.

அடுத்து ஃபெத்யா. ஒராஸோடு சேர்ந்து சுரங்கத்தில் கிழவனாகிக்கொண்டிருக்கிற ஆள். வரிசையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஏதாவது பேசாமல் ஜன்னலை விட மாட்டான்.

"ஊதணுமா டாக்டரம்மா, இல்ல மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவியா?"

"ஊதுங்க."

ஊதினான். கையை நீட்டினான். அக்குளில் ஒரு ஃபிளாஸ்க்கை இடுக்கியிருந்தான். பச்சை நிறம், அடியில் நசுங்கல். ரௌஷனுக்கு அது தெரியும்.

"இது மாமாவோடதாச்சே."

"ஆமா. மேஸ்திரிக்கு இன்னிக்குத் தாராள மனசு. உடுப்பு மாத்தற எடத்துல கூப்பிட்டு, 'இந்தா, உன்னுது ஒழுகுது, இதை வச்சுக்கோ'ன்னுட்டார். இத்தனை வருஷத்துல ஒரு மடக்கு டீ கேட்டா, பன்னிக்கொழுப்பு தின்ன வாயை என் ஃபிளாஸ்க்ல வைக்காதேன்னு விரட்டுற மனுஷன். நாளைக்கு எனக்குப் பொண்ணு குடுக்கறேன்னு சொன்னாலும் சொல்வார்."

"வேற யாருக்காவது ஏதாவது குடுத்தாரா?"

"எங்க குழுப் பையன் மாராட்டுக்கு முழங்கால் உறை. புதுசு, பிரிக்காதது. ஏன் கேக்கற?"

ரௌஷன் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. ஃபெத்யா அவள் முகத்தைப் பார்த்தான். சீட்டைக்கூட வாங்காமல் ஃபிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் மேஜை மேலிருந்த அவளுடைய செல்போன் அடித்தது. கம்ஷாத். ஒராஸின் மனைவி, அவளுக்கு ஓரகத்தி.

"அக்கா, வரிசையில ஆள் நிக்குது..."

"ஒரு நிமிஷம் கேளுடி. உங்க மாமா சாப்பாட்டுப் பொட்டலத்தை வச்சுட்டுப் போயிட்டார். மறந்துட்டார்னு நினைக்காதே. கையில எடுத்தார், அப்படியே திருப்பி மேஜையில வச்சார். கேட்டா, பசிக்காதுங்கறார். எட்டு மணி நேரம் கீழ கெடக்கற ஆளுக்குப் பசிக்காதாம்! அவர் மீத்துக் கொண்டுவர்ற ரொட்டிக்கு சின்னவ வாசல்லயே நிப்பா. பூமிக்குள்ள இருக்கற முயல் குடுத்து அனுப்பிச்சுதுன்னு தினம் ஒரு கதை சொல்லிக் குடுப்பாரில்ல..."

"வேற என்ன அக்கா?"

"வேற ஒண்ணுமில்ல. ஸ்கூலுக்குக் கிளம்பினவளைப் பிடிச்சு நெத்தியை முகர்ந்தார். எப்பவும் செய்யறதுதான். இன்னிக்கு விடவே மாட்டேன்னுட்டார். பஸ் போயிடும்னு அவ அழ ஆரம்பிச்சுட்டா."

"ராத்திரி தூங்கினாரா?"

"எங்கே தூங்கினார்? நாலு மணிக்கு எழுந்து பாக்கறேன், ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கார். ஆனா முகம் தெளிவா இருந்துச்சுடி. எத்தனையோ நாளைக்கப்புறம் தெளிவா இருந்துச்சு. அதான் நான் எதையும் கேட்டுக் கெடுக்கலை."

"அக்கா, உடனே கிளம்பி சுரங்கத்துக்கு வாங்க."

"ஏண்டி? என்னாச்சு?"

"வாங்க."

போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரௌஷன் கதவைத் திறந்து வெளியே ஓடினாள். "நர்ஸம்மா, முத்திரை!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள். ஃபெத்யா வரிசையை விட்டு அவள் பின்னால் வந்தான்.

மருத்துவ அறையிலிருந்து கூண்டுக்கு இருநூறு அடி இருக்கும். விளக்கறையைத் தாண்டினால் நீளமான நடை, அதன் கடைசியில் இரும்புக் கதவு. எதிரே கரி அப்பிய காலை ஷிப்ட் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுச் செருப்போடு வெள்ளைக் கோட்டில் ஓடிவரும் நர்ஸைப் பார்த்துச் சுவரோரம் ஒதுங்கினார்கள். கீழே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஒருவர் தலைக் கவசத்தைக் கழற்றினார்.

ஒராஸ் கூண்டுக்குப் பத்தடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் முன்னே. அவர் கடைசியில், விளக்கு நெற்றியில், கை இரண்டும் காலியாக.

எங்களிடம் மருமகள் மூத்தவர்களின் வழியைக் குறுக்கே வெட்டுவதில்லை. அவர்கள் வந்தால் நின்று, கடந்து போன பிறகுதான் நகர்வாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் ரௌஷன் ஒரு தடவைகூட ஒராஸின் வழியை வெட்டியதில்லை. கையில் கொதிக்கும் பானையைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருக்கிறாள், அவர் காலணியை மாட்டி முடிக்கும்வரை.

இன்றைக்கு அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, அவருக்கும் கூண்டுக்கும் நடுவே போய் நின்றாள்.

ஒராஸ் நின்றுவிட்டார். கூண்டுக்குள் ஏறியிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"வழி விடும்மா."

"விட மாட்டேன் மாமா. உங்களுக்கு இறங்கத் தடை."

"முத்திரை குத்தினவளே நீதானே?"

"தப்பாக் குத்திட்டேன்."

மாராட் முன்னால் வந்தான். குழுவிலேயே இளைய ஆள், வாய் அதிகம். "என்ன விளையாட்டு இது? அண்ணனுக்கு பிரஷர் நூத்திப் பதினெட்டு. நான் பக்கத்துலதான நின்னேன், எனக்குத் தெரியலையா? போன மாசமெல்லாம் நூத்தி எழுபதுல இறக்கி விட்ட. இன்னிக்கு நல்ல பிரஷருக்குத் தடையா?"

சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஷிப்ட் மாறும் நேரம். நடை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

ரௌஷன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலைத் தணித்து ஒராஸிடம் கேட்டாள்.

"மாமா, இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு மேல வர்றதா இருக்கீங்களா?"

'இதென்ன கேள்வி' என்று அவர் சீறியிருக்க வேண்டும். மருமகள் ஆட்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கத்தியிருக்க வேண்டும். ரௌஷன் அதற்காகக் காத்திருந்தாள். இரண்டு அறை விழுந்தாலும் சரிதான் என்று நின்றாள். அவருக்குக் கோபமே வரவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் போய்விடுமோ என்று பார்க்கிற மாதிரி.

"ஒராஸ்" என்றான் ஃபெத்யா. மூச்சு இரைத்தது. "அவ கேட்டதுக்கு பதில் சொல்லு."

"நீ ஆளுங்களோட போ ஃபெத்யா."

"சொல்லிட்டு அனுப்பு. திரும்பி வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் இவளை இழுத்துக்கிட்டுப் போய் ஜன்னல்ல உக்கார வைக்கறேன்."

ஒராஸ் சொல்லவில்லை.

கூண்டுக்காரி மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக ஆட்களை இறக்கி ஏற்றுகிறவள். அக்டோபரில் கூண்டிலிருந்து ஸ்ட்ரெச்சர்களை வெளியே இழுத்த கைகளில் இரண்டு அவளுடையவை. கயிற்றை விட்டாள். ஒராஸிடம் வந்து கையை நீட்டினாள்.

"வில்லையைக் குடு."

கழற்றிக் கொடுத்தார். ஃபெத்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழிச்சுட்டே அவரை" என்றான் மாராட். அழுகிற குரல். "இனிமே மஞ்சள் வீடு, பட்டியல், அவ்வளவுதான். நாங்க பாத்துக்கிட்டுதானே இருந்தோம்? மிஷின்கிட்ட விடாம, சுவர்க் குழியில உக்கார வச்சு, அவர் வேலையையும் சேத்து நாங்களே செஞ்சோம். யாருக்காவது தெரிய விட்டோமா?"

"குழியில உக்கார வச்சீங்க. பக்கத்துல யாராவது உக்காந்தீங்களா?"

மாராட் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"உன்னைச் சொல்லலை தம்பி. நான் மட்டும் என்ன கிழிச்சேன்? அஞ்சு மாசம் நம்பரை மாத்தி மாத்தி எழுதினேன். என்ன மாமா செய்யுதுன்னு ஒரு நாள் கேக்கலை."

கூண்டு இறங்கியது. மேஸ்திரி இல்லாமல்.

மருத்துவ அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு மருந்து அலமாரி. ஒராஸ் கட்டில் ஓரத்தில் தலைக் கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே கதவடியில் நாற்காலி போட்டு ஃபெத்யா. ஷிப்ட் அதிகாரி வந்து கத்தியபோது, "எனக்கு முத்திரை குத்தலை சார், முத்திரை இல்லாம இறங்கினா சட்டப்படி குத்தம்" என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது. ஆயுசில் அவன் சட்டம் பேசியது அன்றைக்குத்தான்.

ரௌஷன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. படிக்கும்போது இதற்கென்று இரண்டு மணி நேர வகுப்பு நடந்தது. அன்று அவள் லீவு. ஒன்றும் சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள்.

ஒராஸ்தான் முதலில் பேசினார்.

"மூணாம் முகப்பை அடைச்சு சுவர் வச்சிருக்காங்க. இன்னிக்கு அந்தப் பக்கம் போய் அவங்களோட உக்காந்துடலாம்னு இருந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"எப்பலேருந்து இப்படித் தோணுது?"

"பனி விழ ஆரம்பிச்சதுலேருந்து. நேத்துதான் முடிவு பண்ணினேன். பண்ணினதும் நெஞ்சுல இருந்த கல்லு இறங்கிடுச்சு."

நூற்றுப் பதினெட்டு. ரௌஷன் கோட்டுப் பைக்குள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"அவங்க போனது உங்க தப்பு இல்ல மாமா. பல்வலி யாருக்கும் வரும்."

"நீ ஒண்ணும் தெரியாம பேசற." முதல் தடவையாக அவர் குரலில் சூடு வந்தது. "அன்னிக்கு வெட்டு மிஷின் நிமிஷத்துக்கு ஒருதரம் நின்னுது. வாயு ஏறிச்சுன்னா கருவி கண்டுபிடிச்சு மிஷினை நிறுத்திடும். மேலேருந்து போன் மேல போன், ஏன் கரி வரலை, ஏன் கரி வரலைன்னு. என் சட்டையைக் கழட்டிக் கருவி மேல சுத்தினேன். எல்லாரும் செய்யறதுதான். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு எடுத்துடுவோம். அப்புறம் பல்லு தெறிக்க ஆரம்பிச்சுது. நீங்க மேல போங்க அண்ணே, நாங்க பாத்துக்கறோம்னு பசங்க அனுப்பிச்சாங்க."

கவசத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"சட்டையை எடுக்க மறந்துட்டேன்."

வெளியே ஃபெத்யாவின் நாற்காலி கிரீச்சிட்டது.

"திரும்பி இறங்கினப்ப சட்டை அங்க இல்ல" என்றார் ஒராஸ்.

"எரிஞ்சிருக்கும்."

"கருவி இருந்த பக்கம் தீ வரலை. கருவி எரியலை, சட்டை மட்டும் எப்படி எரியும்? வெடிச்சப்புறம், மீட்புப் படைக்கு முன்னாடி வாயு அளக்க இறங்கினது யாரு? கருவி மேல ஒண்ணும் இல்ல, எல்லாம் ஒழுங்கா இருந்துச்சுன்னு விசாரணைக்கு எழுதிக் குடுத்தது யாரு?"

ரௌஷனுக்கு யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. சுரங்கத்தில் வாயு அளப்பது ஸபித்தின் வேலை. அன்று இரவு அவன் வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவியது நினைவுக்கு வந்தது. பிணம் தொட்ட கை என்று அவள் நினைத்திருந்தாள். நவம்பரில் நம்பரை மாற்றி எழுதச் சொன்னபோது அவன் கண் தரையில் இருந்தது. அண்ணன் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்திருந்தாள்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? எனக்காகப் பொய் சொல்லியிருக்கான். அஞ்சு மாசமா ஞாயித்துக்கிழமை ஒரே தட்டுல கறி எடுத்துத் திங்கறோம். நான் கேக்கலை. அவனும் சொல்லலை."

ரௌஷன் எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டார்.

"இப்பவும் அந்த எண்ணம் இருக்கா மாமா?"

"இருக்கு."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். நான் கூடவே இருப்பேன். வர்றீங்களா?"

"பட்டியல்ல ஏத்திடுவாங்க."

"ஏத்தலாம். ஏத்தாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

அவர் யோசித்தார். அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பது ரௌஷனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"கம்ஷாத்துக்குத் தெரியுமா?"

"வந்துக்கிட்டிருக்காங்க."

"சரி" என்றார். தண்ணீரைக் குடித்தார்.

தலைமை மருத்துவருக்குப் போன் செய்தாள். அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே விஷயம் போயிருந்தது. "பிரஷர்னு எழுது ரௌஷன். மூணு நாள் வீட்ல கெடக்கட்டும், சரியாயிடும்."

"பிரஷர் நூத்திப் பதினெட்டு மேடம்."

"அதான் தெரியுமே. இதுக்கு முன்னாடி நீ எழுதாத நம்பரா? வேற மாதிரி எழுதினேன்னா நாளைக்குப் பழைய பக்கத்தையெல்லாம் புரட்டுவாங்க. மாட்டிக்கப் போறது நீ."

"வண்டி அனுப்புங்க மேடம்."

பதிவேட்டைத் திறந்தாள். ஒராஸ் பெயருக்கு நேரே 'அனுமதி' என்று முன்பு எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'இறங்கத் தடை. பல வாரங்களாகத் தூக்கமில்லை. உயிரை விடும் எண்ணம் இருப்பதாக அவரே சொல்கிறார். மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லப்படுகிறார். முந்தைய அளவுகள் சரியாகப் பதிவு செய்யப்படவில்லை.' கடைசி வரியில் மட்டும் எழுத்து கோணியது. கையெழுத்துப் போட்டாள்.

வண்டி ஒன்றரை மணிக்கு வந்தது. பழைய வேன், உள்ளே இரண்டு நீள இருக்கை. மார்ச் மாதம் முடியப் போகிறது, வாசலில் பனி இன்னும் கரிப்பொடியோடு குவிந்து கிடந்தது. கம்ஷாத் வந்துவிட்டிருந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கணவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அவர் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ஃபெத்யா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினான்.

"நீங்க எதுக்கு?" என்றார் டிரைவர்.

"வழி காட்ட."

"எனக்கு வழி தெரியும்."

"எனக்குத் தெரியாது. அதான்."

ரௌஷன் பின்கதவைச் சாத்தப் போகும்போது ஸபித் ஓடி வந்தான். வேலை உடுப்பில், மார்பில் வாயு அளக்கும் பெட்டி ஆட, காலர் பொத்தானைப் போடாமல்.

"இறங்குங்க அண்ணா. வீட்டுக்குப் போலாம்."

ஒராஸ் அசையவில்லை. ஸபித் மனைவி பக்கம் திரும்பினான். "என்ன எழுதி வச்சிருக்க? மாத்து. இப்பவே போய் மாத்து."

"மாத்த மாட்டேன். மாத்தி மாத்தித்தான் இங்க வந்து நிக்குது."

"உனக்குப் புரியலை ரௌஷன். அங்க உக்கார வச்சுக் கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. இவர் என்னத்தைச் சொல்லப் போறார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஸபித் அவளைப் பார்த்தான். பிறகு வண்டிக்குள் அண்ணனைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பதினொரு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம், ரௌஷனுக்கு அடையாளம் தெரியாததாக இருந்தது. எத்தனை நாளாக அவன் கண்ணுக்குக் கீழே அந்தக் குழி இருக்கிறது? ஆயிரம் பேரின் கையில் பட்டை கட்டியவள், வீட்டில் ஒரு தடவை கட்டிப் பார்க்கவில்லை.

"ஸபித்" என்றார் ஒராஸ். "என் சட்டையை என்னடா பண்ணினே?"

கம்ஷாத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஃபெத்யாவுக்குப் புரிந்தது. அவன் திரும்பவில்லை.

"எந்தச் சட்டை?" என்றான் ஸபித். சொல்லும்போதே குரல் உடைந்தது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுடா. நான் திட்ட மாட்டேன்."

"காரேஜ்ல இருக்கு" என்றான் ஸபித். "மூணு தடவை அடுப்பு மூட்டினேன் அண்ணா. எரிக்க முடியலை. தினம் போய் இருக்குதான்னு பாத்துட்டு வர்றேன்."

நிர்வாகக் கட்டடத்து மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. பாதுகாப்பு அதிகாரி எட்டிப் பார்த்து, "அந்த வண்டியை நிறுத்தச் சொல்லு, பதிவேட்டை எடுத்துக்கிட்டு நர்ஸை மேல வரச் சொல்லு!" என்று காவலாளியிடம் கத்தினார்.

ஒராஸ் கம்ஷாத்தை நெருக்கி உட்கார வைத்தார். இருக்கையில் ஓராள் உட்காருகிற அளவுக்கு இடம் வந்தது.

"ஏறு."

"நான் எதுக்கு அண்ணா? எனக்கு ஒண்ணும் இல்ல."

"நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஏறுடா."

காவலாளி கையை ஆட்டிக்கொண்டு வாசற்கதவை நோக்கி ஓடிவந்தான். டிரைவர் எஞ்சினைப் போட்டார். ஸபித் ஒரு காலைப் படியில் வைத்தான். இன்னொரு காலை எடுக்கவில்லை.